தோழனுக்கு இடமில்லாத கார்

என் அண்ணனிடம் ஒரு அமெரிக்கக் கார் இருக்கிறது. அதை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆனாலும் அதன் இடப்பக்க முன் மட்காட்டில் எத்தனை படை கண்ணாடி நார் ஒட்டியிருக்கிறது என்று என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒட்டியது அவருடைய கை, ஒட்டுவித்தது என் வாய்.

நான் பருத்தித்துறைக்குப் பக்கத்தில் கடற்கரையோரமாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். கண்ணாடி நாரில் செய்த பைபர் படகுகள் கடலடிக் கற்பாரில் மோதி உடைந்தாலோ, மணலில் இழுபட்டு அடிப்பக்கம் தேய்ந்தாலோ என்னிடம்தான் கொண்டுவருவார்கள். உடைந்த இடத்தைத் தேய்த்து எடுத்து, நார் விரித்து, ரெசின் பசை பூசி, காயவிட்டுத் திரும்பவும் கடலுக்கு அனுப்புவேன். முப்பத்தைந்து வருடமாக இதே வேலை. எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் மடக்கிய விரல் மொழியால் தட்டிப் பார்க்கிற பழக்கம் அதனால் வந்தது. கலியாண வீட்டில் உட்காரத் தரும் கதிரையையும் தட்டிப் பார்ப்பேன். பக்கத்தில் இருக்கும் மனைவி கையில் கிள்ளுவாள்.

அண்ணனுக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. எங்கள் ஊரின் பாதிப் பேரைப் போல அவரும் இளவயதில் கப்பலுக்குப் போனவர். கிரேக்கர் ஒருவரின் சரக்குக் கப்பல். அது அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் நின்றபோது, துறைமுக வாசலுக்கு வெளியே ஒரு கார் நின்றதாம். நிலத்தோடு ஒட்டிய உயரம், நீண்ட மூக்கு, திமிரான வளைவுகள். இவர் கிட்டப் போய் அதன் முன்மூடியை, பொனற்றை, தட்டிப் பார்த்திருக்கிறார். தகரச் சத்தம் வரவில்லை. படகைத் தட்டினால் வருகிற, கொஞ்சம் அமுங்கிய சத்தம் வந்திருக்கிறது. திரும்பவும் தட்டியபோது காவலாளி வந்து துரத்திக் கலைத்துவிட்டான்.

அன்றே எனக்குக் கடிதம் எழுதினார். "தம்பி, இஞ்சை படகு செய்யிற சாமானிலை கார் செய்து ஓடுறாங்கள். நான் தட்டிப் பாத்தனான்" என்று இருந்தது. எங்கள் கரைக்கு அப்போதுதான் பைபர் படகுகள் வரத் தொடங்கியிருந்தன. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான் கடிதத்தைக் கரையில் நின்றவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். "உன்ரை கொண்ணர் கப்பலிலை குடிக்கப் பழகிட்டார் போலை கிடக்கு" என்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில் பல வருடங்களுக்கு நானும் அதை நம்பவில்லை.

பிறகு அவர் ஊருக்குத் திரும்ப முடியாத காலம் வந்தது. கனடாவுக்குப் போனார், ரொறொன்ரோவில் இருந்துவிட்டார். எங்கள் அப்பாவின் செத்தவீட்டுக்கு அவர் இல்லை. என் கலியாணத்துக்கு அவர் இல்லை. அவருடைய கலியாணத்துக்கு நாங்கள் இல்லை, அவருடைய மகள் பிறந்த முப்பத்தோராம் நாளுக்கும் இல்லை. நாற்பது வருடமாக நல்லதிலும் கெட்டதிலும் ஒருவர் வாசலில் மற்றவர் நிற்கவில்லை. போனில் கதைத்தோம்தான். ஆனால் அந்தக் கதையைக் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

"சுகமோ?"

"ஓம்."

"மழையோ அங்கை?"

"ஓம், பெய்யுது."

அதோடு அவர் போனைத் தன் மனைவியிடம் கொடுப்பார், நான் என் மனைவியிடம் கொடுப்பேன். பெண்கள் இருவரும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். எனக்கு அண்ணனில் பாசம் இல்லாமலில்லை. கதைக்க ஒரு பொருள் இல்லாமல் போயிருந்தது.

அந்தப் பொருள் ஒரு காராக வந்தது. மகள் படித்து முடித்து வேலைக்குப் போன வருடம் அண்ணன் தன் இளவயது ஆசையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கொர்வெற். அன்று அவர் தட்டிப் பார்த்த அதே வகை, எழுபதுகளில் செய்தது, மாம்பழ மஞ்சள். யாரோ கம்பத்தில் மோதி இடப்பக்க முன்பகுதி நொறுங்கிக் கிடந்தது. படத்தை அனுப்பிவிட்டுப் போன் எடுத்தார். "தம்பி, உடைஞ்ச இடத்தைப் பெருப்பிச்சுப் பார். நார் தெரியுதோ?"

பெருப்பித்துப் பார்த்தேன். தெரிந்தது. நான் நாள் முழுக்க உரசிக்கொண்டிருக்கிற அதே நார். அவர் குடித்துவிட்டு எழுதவில்லை என்று எனக்குத் தெரியவர முப்பது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. நான் அதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. "அறுபது வயசிலை உது என்ன கோதாரிக்கு உங்களுக்கு?" என்றுதான் கேட்டேன்.

அவரைப் பகிடி பண்ணுவதற்காகத்தான் நான் அந்தக் காரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். பகிடிக்கு நிறையவே அகப்பட்டது. 1953இல் முதன்முதல் வந்தபோது முந்நூறு கார்தான் செய்தார்கள். எல்லாம் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. இரும்பை அச்சில் அடித்து உடல் செய்ய நாள் போதாது என்றுதான் பைபருக்குப் போனார்களாம். முதல் வருடத்துக் கார்களில் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மழை பெய்தால் உள்ளே தண்ணீர் வரும். இயந்திரமும் ஒரு சோணகிரி. பார்வைக்குப் பாயும் போலிருக்கும், மிதித்தால் நடக்கும். வாங்க ஆளில்லாமல், இதை விட்டுவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வந்திருக்கிறார்கள். பிறகு வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு பொறியியலாளர் கையில் அது போனது. எட்டு சிலிண்டர் இயந்திரமும் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த உடம்புக்கு ஏற்ற உயிர் கிடைத்தது.

பெயரைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. கொர்வெற் என்பது ஒருவகைச் சிறிய போர்க்கப்பல். கடலில் கண்டால் எங்கள் ஆட்கள் வலையை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்புகிற ஒரு சாமானின் பெயரை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை உலாப் போகிற காருக்கு வைத்திருக்கிறார்கள். அண்ணனிடம் சொன்னேன். "அவங்கள் தூரத்திலை நிண்டு பாத்திருப்பாங்கள், தம்பி. தூரத்திலை நிண்டு பாத்தால் எல்லாம் வடிவுதான்" என்றார்.

ஆனால் வாசிக்க வாசிக்க நான் மெல்ல மெல்ல அந்தக் காரின் பக்கம் சாய்ந்துவிட்டேன். 1963இல் பின்கண்ணாடியை நடுவால் பிளந்து, முதுகெலும்பு போல ஒரு வரி ஓடவிட்டார்கள். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் வருவது தெரியவில்லை என்று பொறியியலாளர் சண்டை பிடித்தார். வரைந்தவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வருடம் அப்படியே ஓடியது, அடுத்த வருடம் எடுத்துவிட்டார்கள். இன்றைக்குச் சேகரிக்கிறவர்கள் தேடித் திரிவது அந்த ஒரு வருடத்துக் காரைத்தான். உதவாத ஒன்றை இவ்வளவு பேர் ஆசைப்படுவது எனக்கு முதலில் பைத்தியமாகப் பட்டது. பிறகு என் பட்டறைக்கு வருகிறவர்களை நினைத்தேன். படகின் முன்முனையான அணியத்தில் கண் வரையாமல் கடலில் இறக்கமாட்டோம் என்று நிற்பவர்கள் அவர்கள். கண் இல்லாவிட்டாலும் படகு ஓடும். எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

இப்போது வரும் கொர்வெற்றில் இயந்திரத்தை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். ஏறத்தாழ எழுபது வருடம் கழித்து, இயந்திரத்தைப் பின்னால் மாட்டுகிற எங்கள் படகு வழிக்கு வந்திருக்கிறார்கள் என்று அண்ணனுக்குச் சொல்லிச் சிரித்தேன். இவ்வளவையும் மாற்றியவர்கள் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அன்று தொட்டு இன்றுவரை அந்தக் காரில் இரண்டே இரண்டு சீற்தான், இரண்டு பேர்தான் இருக்கலாம். வாசித்தபோது, கொள்கையில் நிற்கிறார்கள் என்று அதை மெச்சினேன். மெச்சியதோடு விட்டுவிட்டேன்.

சனிக்கிழமைகளில் எங்களுக்கு மாலையாகும்போது அங்கே காலை. அவர் கார் நிறுத்தும் தன் கராச்சில் போனை ஒரு பெயின்ற் வாளியின் மேல் நிறுத்துவார். நான் பட்டறையில் கவிழ்த்த படகொன்றில் சாய்ந்திருப்பேன். உடைந்த ஓரத்தை எவ்வளவு தூரம் சரித்துத் தேய்க்க வேண்டும், குளிருக்கு ரெசினில் இறுக்குகிற மருந்தை எத்தனை துளி கூட விடவேண்டும், காற்றுக் குமிழ்களை எப்படி உருட்டி வெளியேற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். என்னை நீந்தப் பழக்கியவருக்கு நான் பாடம் எடுத்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்கமாட்டேன்.

அந்தப் பெருமையில்தான் பிழை விட்டேன். "ஆறு படை போடுங்கோ, அண்ணை" என்றேன். எங்கள் படகு நாளுக்கு நாள் மணலில் இழுபடுவது, பாரில் உரசுவது. நாங்கள் பலத்தைத் தடிப்பில்தான் அளப்போம். அவரும் கரையில் பிறந்த ஆள், மறுபேச்சில்லாமல் ஆறு படை போட்டார். மட்காட் கல்லு மாதிரி வந்தது. அந்தக் காருக்கு முன்விளக்குகள் மூடிக்குள் ஒளிந்திருக்கும். போட்டதும் மூடி எழும்பும், விளக்கு வெளியே வரும். வலது விளக்கு எழும்பியது. இடது விளக்கு எங்கள் ஆறு படையில் சிக்கி, அரைக்கண் திறந்தபடி நின்றது.

அண்ணன் அந்த மூடியை விரலால் தட்டிப் பார்த்தார். "தம்பி, நீ எனக்கு வள்ளம் கட்டித் தந்திட்டாய்" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். நான் அண்ணனோடு அப்படிச் சிரித்து அவள் கண்டதே இல்லை. மூன்று படையைத் தேய்த்து எடுக்க அவருக்கு ஐந்து சனிக்கிழமை போனது. அந்த ஐந்தும் எனக்கு இலாபம்.

பன்னிரண்டு வருடம் திருத்தி, கார் ஓடத் தயாரான வருடமே பெறாமகளுக்கு, அண்ணனின் மகளுக்கு, கலியாணம் நிச்சயமானது. அண்ணன் சொன்ன முதல் வசனம், "மாப்பிள்ளையை நான் கொர்வெற்றிலைதான் ஏத்திக்கொண்டு வருவன்" என்பது. இரண்டாவது வசனம், "தோழன் உன்ரை மகன்."

எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளை தானாக வந்துவிடமுடியாது. பெண்ணின் சகோதரன் தோழனாகப் போய், மாப்பிள்ளையை அழைத்து, காரில் பக்கத்தில் இருந்து கூட்டிக்கொண்டு வரவேண்டும். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கைபிடித்து மணவறைக்குக் கொண்டுபோவதும் அவன்தான். அண்ணனுக்கு ஒரே மகள். சித்தப்பாவின் மகன் அவளுக்குச் சகோதரன். எனவே அது என் மகனின் இடம். நாற்பது வருடத்தில் முதல்தடவையாக எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அண்ணனின் வாசலில் நிற்கப்போகிறார். எனக்கு அன்று வேலை ஓடவில்லை. நானும் மனைவியும் மகனும் விசாவுக்கு எழுதினோம். மகனுக்குப் பட்டு வேட்டி எடுத்தோம்.

ஒரு சனிக்கிழமை அண்ணனும் நானும் காரை எப்படிச் சோடிப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தோம். பூவைப் பொனற்றில் ஒட்டினால் பெயின்ற் போகுமா என்பது எங்கள் பெரிய கவலை. மனைவி தேத்தண்ணியோடு வந்து போனை எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இதிலை பின்சீற் எங்கை?"

"உதுக்குப் பின்சீற் இல்லை. ரெண்டு சீற்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"அப்ப உங்கடை அண்ணர் ஓட்டுறார், மாப்பிள்ளை பக்கத்திலை. தோழன் எங்கை இருக்கிறது?"

நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் திரும்பித் தன் காரைப் பார்த்தார். அந்தக் காரின் ஒவ்வொரு அங்குலமும் எங்களுக்குத் தெரியும். சீற் இரண்டு என்பதும் தெரியும், காரில் போகவேண்டியவர்கள் மூன்று பேர் என்பதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. கரையில் பிறந்தவர்கள் விடக்கூடிய பிழை அது. படகில் ஏறும்போது நாங்கள் ஆட்களை எண்ணுவதில்லை. கொஞ்சம் நகர்ந்து அரக்கி இருந்தால் இன்னும் ஒருவருக்கு எப்போதும் இடம் இருக்கும்.

"நீங்கள் ரெண்டு பேரும் பன்னிரண்டு வருசமா என்னத்தைத்தான் பாத்தியள்?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. நான் எடுத்தபோது அவருடைய மனைவிதான் பேசினார், அவர் கராச்சில் இருக்கிறார் என்றார். அந்தக் கிழமை முழுக்க எனக்கு மனம் சரியில்லை. துறைமுக வாசலில் கலைபட்ட நாள் தொடங்கி அவர் சுமந்த ஆசை அது. மாப்பிள்ளையைத் தானே ஓட்டிக்கொண்டு வரவேண்டும், பெண்ணின் தகப்பனாக. அதை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகனை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. மூன்று பேருக்கு வேறு கார் பிடியுங்கள் என்று சொல்லலாம்தான், ஆனால் அதைச் சொல்பவன் நானாக இருக்க விரும்பவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை அவரே போன் எடுத்தார். முகம் தெளிவாக இருந்தது.

"உன்ரை மகன் ஓட்டட்டும், தம்பி. தோழன் பக்கத்திலை இருக்கவேணும், அவ்வளவுதானே. ஓட்டினாலும் பக்கம்தானே. நான் பின்னாலை வானிலை எல்லாரோடையும் வாறன்."

"அண்ணை, உங்கடை ஆசை…"

"காரை நான் பிறகும் ஓட்டலாம். உவன் பிறகு தோழனா வரேலாது."

நான் ரெசின் வாளியைத் தேடுவது போல எழும்பிப் போனேன். நாற்பது வருடம் அவரிடம் நான் வைத்திருந்த கோபம் ஒன்று இருந்தது. போனவர் போய்விட்டார், விட்டவனை மறந்துவிட்டார் என்கிற கோபம். அன்று அது போய்விட்டது. எங்கே போனது என்று தேடவும் தோன்றவில்லை.

அந்தக் காரில் ஸ்ரேரிங் இடப்பக்கம், கியர் வலக்கைக்கு. மகனுக்கு அது பழக்கமில்லை. பட்டறையில் ஒரு படகின் குறுக்குப் பலகையில் இருந்து, பக்கத்தில் ஒரு துடுப்புக் கட்டையை நட்டு, வலக்கையால் கியர் மாற்றப் பழகினான். போனுக்குள்ளிருந்து அண்ணன், "ஒண்டு… ரெண்டு… இப்ப கிளச்சை விடு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். படகு திருத்த வந்தவர்கள், இவனுக்கு என்ன நடந்தது என்று என்னிடம் இரகசியமாக விசாரித்தார்கள். கனடாவுக்குப் போகப் பழகுகிறான் என்றேன்.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது பதில் வந்தது. மூன்று பேருக்கும் விசா இல்லை. வந்தால் திரும்பிப் போவோம் என்று நம்பிக்கை இல்லையாம். நான் அந்த வரியை மகனிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். ஊரே வெளிக்கிட்டுப் போன காலத்திலும் இந்தக் கரையை விட்டு அசையாதவன் நான். என்னைப் பார்த்துத் திரும்பமாட்டாய் என்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தூரிகை ரெசினோடு காய்ந்து கட்டையாகிவிட்டது. மகன் எழும்பினான். நட்டு வைத்த துடுப்புக் கட்டையைப் பிடுங்கிக் கொண்டுபோய் மற்றவற்றோடு சாத்திவைத்தான். பட்டு வேட்டியை மனைவி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

அண்ணனுக்குச் சொன்னேன். "ஓம்" என்றார். பிறகு, "மழையோ அங்கை?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

கலியாணத்தன்று பின்னேரம் மூவரும் கூடத்தில் போனைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டு இருந்தோம். அங்கே காலை, நல்ல வெயில். வாசலில் கால் கழுவ அண்ணனின் நண்பருடைய மகனை ஒழுங்கு செய்திருந்தார்கள். நல்ல பிள்ளை, பட்டு வேட்டியோடு மண்டப வாசலில் செம்பும் கையுமாக நின்றான். அவனையே காரில் இருத்தி, அவனையே ஓட்டவிட்டிருக்கலாம். எல்லோரும் அண்ணனிடம் அதைச் சொல்லியும் இருக்கிறார்கள். அது தம்பியின் மகனுடைய இடம் என்று சொல்லி அவர் கேட்கவில்லை என்று அவருடைய மனைவி என் மனைவிக்குச் சொன்னார்.

மஞ்சள் கார் வளைவில் திரும்பி வந்தது. பகலென்றாலும் விளக்குகள் எரிந்தன. இரண்டு மூடியும் எழும்பி, இரண்டு கண்ணும் திறந்திருந்தன. தலைப்பாகை கூரையில் முட்டாமல் மாப்பிள்ளை கழுத்தைச் சரித்துக்கொண்டிருந்தார். ஓட்டுகிற இடத்தில் அண்ணன், வேட்டி சால்வையோடு. அவர் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட இடம் அது. அவர் முகத்தில் சிரிப்பில்லை. மகன் என் பக்கத்தில் இருந்து, "மட்காட்டிலை ஒட்டே தெரியேல்லை, அப்பா" என்றான். எனக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் அண்ணன் போன் எடுத்தார். கராச்சில்தான் நின்றார். பின்னால் கார் நின்றது, பூ இன்னும் கழற்றப்படவில்லை.

"லைற் ரெண்டும் திறந்தது, கண்டனியோ?"

"ஓம், கண்டனாங்கள்."

"மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கொஞ்சம் முட்டினது."

"ஓம்."

அவர் திரும்பிக் காரைப் பார்த்தார். அவர் இருந்த சீற்றும் மாப்பிள்ளை இருந்த சீற்றும் எனக்கும் தெரிந்தன. இதற்குள் மூன்று பேர் எப்படி என்று நாங்கள் தலையை உடைத்த கார் அது.

"இடம் சரியாத்தான் இருந்தது, தம்பி" என்றார்.